சாட்டையும் சட்டமும்

வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர் எவரும் ஒருநாள் எதிர்கொள்ள நேரும் வினா ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் அடிமை முறையைப் பற்றிச் சொல்லி முடிக்கும் வேளையில், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அடிமைகள் அத்தனை இலட்சம் பேர் இருந்தார்களே, அவர்கள் ஏன் எதிர்க்கவில்லை?” என்று கேட்பான். வினா நேர்மையானதுதான். ஆனால், கேட்பவனும் அறியாமல் அதனுள் ஒரு பழி ஒளிந்துகொண்டிருக்கிறது. அடிமைப்பட்டவர்கள் தம் அடிமைத்தனத்துக்கு உடன்பட்டிருந்தார்கள் என்பதே அப்பழி. அது உண்மைதானா என்று ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் தொகைக் கணக்கைக் காண்போம். 1860-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள் ஏறத்தாழ 3 கோடியே 14 இலட்சம் பேர். அவர்களுள் அடிமைகள் 39 இலட்சத்து 53 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களோ 4 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்களே. தென் கரோலினா, மிசிசிப்பி ஆகிய இரு மாநிலங்களிலும் சுதந்திர மக்களைவிட அடிமைகளின் தொகையே மிகுதி. 1619-ஆம் ஆண்டில் வர்ஜீனியாக் கரையில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர் இறக்கப்பட்டது முதல், 1865-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது வரை, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சிலர் பலரைக் கட்டி ஆண்டனர். எதனைக்கொண்டு கட்டினர்? அன்பைக்கொண்டு என்றனர் ஆண்டைகள். பழக்கத்தைக்கொண்டு என்றனர் பிற்கால எழுத்தாளர் சிலர். ஆண்டைகளே எழுதிவைத்த சட்டங்களும் நாட்குறிப்புகளும் வேறு விடையைத் தருகின்றன. திட்டமிட்ட வன்முறையைக்கொண்டே கட்டினர் என்பதே அவ்விடை.

வன்முறை என்றவுடன் கோபத்தில் அறிவிழந்த கொடியவன் ஒருவன் நம் கண்முன் தோன்றுகிறான். அத்தகையோரும் இருந்தனர். ஆனால் அவர்களை மட்டும் நோக்கினால் உண்மை நமக்குத் தப்பிப்போகும். அங்கு நடந்த வன்முறை ஓர் ஆட்சிமுறை. அதற்குச் சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, காவற்படை இருந்தது, கூலி விகிதமும் இருந்தது.

சட்டத்திலிருந்தே தொடங்குவோம். 1669-இல் வர்ஜீனியாச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தன்னை எதிர்த்த அடிமையை ஆண்டை தண்டிக்கும்போது, தண்டனையின் கடுமையால் அடிமை இறந்துபோனால், அதனைக் கொலைக்குற்றமாகக் கொள்ளலாகாது என்பது அச்சட்டம். அதற்கு அவர்கள் கூறிய காரணம் வியப்புக்குரியது. தன் சொத்தைத் தானே அழித்துக்கொள்ள எவனும் மனமறிந்து முற்பட மாட்டான். ஆகவே கொல்லும் கருத்து அவனுக்கு இருந்திருக்க முடியாது என்றனர். மனிதனைச் சொத்து என்று முதலில் சொல்லிவிட்டால் அவனைக் கொன்ற பழியும் அச்சொல்லுக்குள்ளேயே கரைந்துபோகிறது!

1739-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அதன் பின்னர் 1740-இல் அம்மாநிலம் விரிவான அடிமைச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. அச்சட்டத்தின் ஒரு பகுதி, அடிமையின் நாவை அறுத்தல், கண்ணைப் பிடுங்குதல், ஆண்மை அழித்தல், கொதிநீர் ஊற்றுதல் முதலான செயல்களைப் பெயர் சொல்லிக் குறித்து, அவற்றைச் செய்பவனுக்கு 100 பவுன் தண்டம் விதித்தது. நடவாத ஒன்றைச் சட்டம் தடுப்பதில்லை. பட்டியல் இருக்கிறது என்றால் அச்செயல்கள் நடந்தன என்றே பொருள். அதே பகுதி, குதிரைச் சவுக்காலோ, மாட்டுத்தோல் சாட்டையாலோ, சிறு கோலாலோ அடிப்பதும், விலங்கு பூட்டுவதும், அடைத்துவைப்பதும் குற்றமல்ல என்று விலக்களித்தது. அச்சட்டத்தின் மற்றொரு பகுதி, அடிமைக்கு எழுதக் கற்பிப்பவனுக்கும் 100 பவுன் தண்டம் என்றது. நாவை அறுத்தவனுக்கும் 100 பவுன். எழுத்தறிவித்தவனுக்கும் 100 பவுன்! எழுத்தையே தொழிலாகக்கொண்டு வாழ்ந்த எம்போன்றோர் இவ்விரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, அச்சமூகம் எதற்கு அஞ்சியது என்பது நன்கு விளங்குகிறது.

நூறாண்டு சென்றும் இந்நிலை மாறவில்லை. 1829-இல் வட கரோலினாவின் உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. எலிசபெத் ஜோன்ஸ் என்பவருக்கு உரிய லிடியா என்ற அடிமைப்பெண்ணை ஜான் மான் என்பவன் ஓராண்டுக்கு வாடகைக்கு அமர்த்தியிருந்தான். சிறு குற்றம் ஒன்றுக்காக அவன் அவளை அடிக்க முற்பட்டான். அவள் தப்பி ஓடினாள். ஓடியவளைச் சுட்டுக் காயப்படுத்தினான். கீழ்நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்றது. ஆனால் நீதிபதி தாமஸ் ரஃபின் அத்தீர்ப்பை மாற்றி அவனை விடுவித்தார். அடிமையின் பணிவு முழுமையாக இருக்கவேண்டுமாயின் ஆண்டையின் அதிகாரம் எல்லையற்றதாக இருக்கவேண்டும் என்பது அவர் தீர்ப்பின் சாரம். இக்கொள்கை கொடியது என்பதைத் தாம் உணர்வதாகவும், ஆயினும் அடிமை முறை நிலைக்க இதுவே வழி என்றும் அவர் எழுதினார். அவரும் அடிமைகளை உடையவரே. ஒரு முறையின் உள்ளுண்மையை அதன் பகைவர் சொன்னால் மிகைப்படுத்தினர் என்று தள்ளலாம். அதன் காவலரே சொன்னதை எவ்வாறு தள்ளுவது?

சட்டம் அளித்த அதிகாரம் வயலில் எவ்வாறு நடைபெற்றது என்பதை அடுத்துக் காண்போம். 1793-இல் பருத்திக் கொட்டை நீக்கும் பொறி வந்தது. அதன்பின் தென் மாநிலங்களின் செல்வம் பருத்தியில் குவிந்தது. 1860-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியே. கொட்டை நீக்கப் பொறி வந்ததே ஒழிய, பருத்தி பறிக்க மனிதக் கைகளே வேண்டியிருந்தன. கூலி இல்லாத கையை விரைந்து இயங்கச் செய்வது எப்படி? இதற்கு விடை கூறுபவர் சாலமன் நார்த்தப். அவர் நியூயார்க் மாநிலத்தில் சுதந்திரமாகப் பிறந்தவர். 1841-இல் வாஷிங்டன் நகரில் கடத்தப்பட்டு, லூசியானாவில் பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக வதைபட்டு, 1853-இல் விடுதலை பெற்று, தம் வரலாற்றை அதே ஆண்டில் நூலாக வெளியிட்டவர்.

அவர் வருணிக்கும் மாலைக் காட்சி இது. பொழுது சாய்ந்ததும் அடிமைகள் தம் கூடைகளைச் சுமந்துகொண்டு எடைபோடும் கொட்டகைக்கு வருவர். ஒரு நாளைக்குச் சராசரி அளவு 200 இராத்தல். புதிதாக வந்தவனை முதல்நாள் சாட்டையால் விரட்டி இயன்றவரை பறிக்கச் செய்து, அன்று மாலை வந்த எடையையே அவனுக்கு உரிய அளவாகக் குறித்துக்கொள்வர். மறுநாள் முதல் அதில் குறைந்தால் அடி. மிகுந்தாலோ, அம்மிகுதியே நாளைய அளவாகிவிடும். ஆகவே எடை குறைந்துவிடுமோ என்றும் அச்சம். மிகுந்துவிடுமோ என்றும் அச்சம். எவ்வளவு களைத்திருந்தாலும், உறக்கத்துக்கு எவ்வளவு ஏங்கினாலும், அச்சமின்றி அத்தராசை அணுகிய அடிமை ஒருவனும் இல்லை என்கிறார் நார்த்தப். பருத்தியில் காய்ந்த இலை கலந்திருந்தால் 25 அடி, வயலில் சும்மா நின்றால் 100 அடி என்று அப்பண்ணையில் குற்றத்துக்கு ஏற்ற விலைப்பட்டியலே இருந்தது.

அடிக்கும் கைக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பண்ணைக்கு வெள்ளையரான மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே கங்காணியாக அடிமைகளுள் ஒருவனையே அமர்த்தி அவன் கையில் சாட்டையைக் கொடுப்பர். உடன்பிறந்தார் போன்றவரை அவன் அடிக்கவேண்டும். அடிக்காவிட்டால் அவன் அடிபடுவான். ஒன்றுபட்டு நிற்கக்கூடியவர்களிடையே பகையை விதைப்பதற்கு இதனினும் பொல்லாத வழி வேறொன்று இல்லை. நார்த்தப்பையும் அவ்வாறு கங்காணியாக்கினர். அவரோ, சாட்டை முதுகின்மீது மயிரிழை தொலைவு வரை சென்று, ஆனால் தொடாமல் மீளும்படி வீசப் பழகிக்கொண்டார். அடிபடாதவர் அடிபட்டவர் போல அலறுவர். தொலைவில் நிற்கும் ஆண்டை மகிழ்வான். இதனை எதிர்ப்பு அன்று என்று யார் சொல்ல இயலும்?

அடியின் அளவைப் பற்றி வரலாற்றறிஞரிடையே எழுந்த ஒரு விவாதத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். லூசியானாவின் பருத்திப் பண்ணையாளர் பென்னெட் பாரோ நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உடையவர். அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலத்தில் 160 முறை அடிமைகள் சாட்டையடி பெற்ற செய்தி பதிவாகியிருந்தது. 1974-இல் ஃபோகல், எங்கர்மன் என்ற பொருளாதார அறிஞர் இருவர் இதனை ஆட்தொகையால் வகுத்து, ஓர் உழைப்பாளிக்கு ஆண்டுக்குச் சராசரி 0.7 அடித் தண்டனையே என்று கணக்கிட்டனர். கேட்பதற்குச் சிறிய தொகையாகத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டே ஹெர்பர்ட் கட்மன் என்ற வரலாற்றறிஞர் அதே தொகையை வேறு வகையில் வகுத்துக் காட்டினார். அப்பண்ணையில் நாலரை நாளைக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் சாட்டையடி பெற்றிருக்கிறார் என்றார் அவர். எண் ஒன்றே, வகுத்த முறைதான் வேறு. இவற்றுள் எது உண்மைக்கு அணுக்கமானது? பள்ளிக்கூடத்தில் பிரம்பின் ஆட்சியைக் கண்டவர்க்கு இதில் ஐயம் எழாது. ஒரு பிள்ளையின் கையில் விழும் அடி நாற்பது பிள்ளைகளின் நெஞ்சில் விழுகிறது. அடிமைகளை அழைத்து நிறுத்திவைத்து அவர்கள் கண்முன்னே ஒருவனை அடித்ததன் கருத்தும் அதுவே. முதுகு ஒருவனுடையது, பாடம் அனைவருக்கும்.

பண்ணையாளர் பலர் இதனைக் கலையாகவே பயின்றனர். தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹென்றி ஹாம்மண்ட் ஆளுநராகவும் பின்னர் ஐக்கிய நாடுகளின் செனட் சபை உறுப்பினராகவும் விளங்கியவர். தம் பண்ணைக்கென எழுதிய விதிநூலில், பொதுவாக 15 முதல் 20 அடி போதும். மிகக் கடுமையான குற்றமாயினும் ஒரே நாளில் 100 அடிக்கு மேல் கூடாது என்று வரையறுத்தார். இதனை அவர் இரக்கம் என்றே கருதியிருக்கக்கூடும். நகரங்களில் தம் கையால் அடிக்கக் கூசிய ஆண்டைகளுக்கும் வழி இருந்தது. சார்லஸ்டன் நகரின் தண்டனைக் கூடத்துக்கு அடிமையை அனுப்பி, உரிய கட்டணத்தைச் செலுத்தினால் அங்குள்ள ஊழியரே அடித்து அனுப்புவர். 1820-களில் அங்கு மிதித்துச் சுழற்றும் பெரிய உருளை ஒன்றும் அமைக்கப்பட்டது. வீட்டின் வரவேற்பறை தூய்மையாக இருந்தது. அலறல் வேறு தெருவில் ஒலித்தது. அவ்வளவே வேறுபாடு.

பெண்களின் நிலையைக் கூறாமல் இவ்வரலாறு முற்றுப்பெறாது. கேட்போர் உள்ளம் வருந்தும் என்பதற்காக அதனை மறைப்பது முறையன்று. 1662-இல் வர்ஜீனியாவில் இயற்றப்பட்ட சட்டம், பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே அடையும் என்றது. ஆங்கிலேயரின் பழைய மரபோ தந்தையின் நிலையைப் பின்பற்றுவது. அம்மரபை ஏன் தலைகீழாக்கினர்? அடிமைப்பெண்ணுக்கு ஆண்டையால் பிறக்கும் குழந்தையும் அடிமையாகவே, அவன் சொத்தாகவே இருக்கும்பொருட்டு. ஆகவே பெண்ணின்மீது இழைத்த கொடுமை தண்டனையைத் தராததோடு இலாபத்தையும் தந்தது. 1808 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா தடைசெய்தது. ஆயினும் 1790-இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் 40 இலட்சத்தை நெருங்கினர். தாய்மாரின் கருவறையே அச்சந்தைக்குச் சரக்கு அளித்தது. சற்றுமுன் குறிப்பிட்ட ஹாம்மண்ட், அடிகளை எண்ணி அளந்த அதே மனிதர், தாம் விலைக்கு வாங்கிய சாலி என்ற பெண்ணைத் தம் இச்சைக்கு ஆளாக்கினார். பின்னர் அவள் மகளுக்கும் அதே கதி நேர்ந்தது.

வட கரோலினாவில் பிறந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி இத்தகைய துன்பத்துக்கு ஆளாகி, அதனின்று தப்பத் தம் பாட்டியின் வீட்டுக் கூரைக்கு அடியில் நிமிர்ந்து நிற்கவும் இயலாத ஒரு சந்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். கீழே தம் குழந்தைகள் ஆடும் ஓசையைக் கேட்பார், அழைக்க இயலாது. 1842-இல் வடக்கே தப்பிச்சென்று, 1861-இல் புனைபெயரில் தம் வரலாற்றை வெளியிட்டார். மிசூரி மாநிலத்துச் செலியாவின் கதையோ இன்னும் துயரமானது. 1850-இல் பதினான்கு வயதளவில் ராபர்ட் நியூசம் என்பவனால் விலைக்கு வாங்கப்பட்ட அவள், ஐந்து ஆண்டுகள் அவனது வன்கொடுமையைப் பொறுத்தாள். 1855-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவனைத் தடுத்து அடித்துக் கொன்றாள். கற்பைக் காக்க எந்தப் பெண்ணும் எதிர்க்கலாம் என்று அம்மாநிலச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. எந்தப் பெண்ணும் என்பதில் அடிமைப்பெண்ணும் அடங்குவாள் என்று அவள் தரப்பு வழக்கறிஞர் வாதிட்டார். நீதிபதி அவ்வாதத்தை ஏற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் மாதம் அவள் தூக்கிலிடப்பட்டாள்.

சாட்டையைவிட வலிய கருவி ஒன்றும் ஆண்டைகளிடம் இருந்தது. அதுவே விற்பனை. புகையிலை நிலங்கள் வளங்குன்றிய வர்ஜீனியா, மேரிலாந்து முதலிய பகுதிகளிலிருந்து, பருத்தி செழித்த தெற்கு, மேற்குப் பகுதிகளுக்கு 1790-க்கும் 1860-க்கும் இடையில் ஏறத்தாழ 10 இலட்சம் அடிமைகள் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் விற்கப்பட்டே சென்றனர். கைகளில் விலங்கிட்டு, ஒரே சங்கிலியில் கோத்து, நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் சென்றனர். கணவனை ஓர் ஊரான் வாங்குவான். மனைவியை மற்றோர் ஊரான் வாங்குவான். பிள்ளை ஏலமேடையிலேயே நிற்கும். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லையாதலால் பிரிப்பதற்குத் தடையும் இல்லை. ஆயினும் விற்றவர்களைவிட, விற்றுவிடுவேன் என்ற சொல்லால் அடக்கப்பட்டவர்களே பலர். அடிக்கு அஞ்சாத ஆடவனும் தன் குழந்தையின் முகத்தை நினைத்து அஞ்சினான். மனிதனிடத்தில் மிக உயர்ந்ததாகிய பாசத்தையே அவனைக் கட்டும் கயிறாகத் திரித்தனர்.

உடலைக் கட்டியபின் அறிவைக் கட்டினர். பிரெடரிக் டக்ளஸ் சிறுவனாகப் பால்டிமோர் நகரில் ஓர் ஆண்டையின் வீட்டில் இருந்தபோது, அவ்வீட்டு அம்மையார் அவருக்கு நெடுங்கணக்கைக் கற்பித்தார். அதனை அறிந்த கணவர், கல்வி அடிமையைக் கெடுக்கும். படித்தவன் அடிமையாக இரான் என்று சொல்லி நிறுத்தினார். அக்கடிந்துரையே தமக்கு முதற்பாடமாயிற்று என்கிறார் டக்ளஸ். விடுதலைக்கு வழி எது என்பதை ஆண்டையே வாய்திறந்து காட்டிவிட்டார் அல்லவா! அடிமைகள் ஆண்டையின் அனுமதிச்சீட்டு இன்றிப் பண்ணையை விட்டு வெளியேறக்கூடாது. இரவில் சுற்றிவரும் காவற்படையினர் சீட்டு இல்லாதவனைக் கண்ட இடத்திலேயே அடிக்கலாம். எழுதத் தெரிந்தவன் சீட்டையும் எழுதிக்கொள்வான் என்பது எழுத்தைத் தடுத்ததற்கு ஒரு காரணம். 1831-இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. அவர் படிக்கத் தெரிந்தவர், சமயப் பேச்சாளர். அதன்பின் அடிமைகள் கூடி வழிபடுவதற்கும் தடைகள் பெருகின.

கருணையும் இவ்வமைப்பில் ஒரு கருவியாகவே பயன்பட்டது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பல பண்ணைகளில் விடுமுறை அளித்தனர். அந்நாட்களில் அடிமைகளுக்கு மதுவை வாரி வழங்கி, குடித்து மயங்கச் செய்தனர். விடுதலை என்பது இத்தகைய மயக்கமே என்று எண்ணி அவர்கள் தாமாகவே வயலுக்குத் திரும்பவேண்டும் என்பதே உட்கருத்து என்று டக்ளஸ் விளக்குகிறார். எந்த நேரத்திலும் திரும்பப் பெறக்கூடிய சலுகை உரிமை ஆகாது. அது சாட்டையின் மறுபக்கமே.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். அவர்கள் எதிர்க்கவில்லையா? இதுவரை கூறியவற்றையே மீண்டும் நோக்குங்கள். 1740-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்டோனோ கிளர்ச்சியால் பிறந்தது. வழிபாட்டுத் தடைகள் டர்னரின் கிளர்ச்சியால் பெருகின. 1800-இல் ரிச்மண்டில் கேப்ரியல், 1822-இல் சார்லஸ்டனில் டென்மார்க் வீசி ஆகியோர் திட்டமிட்ட எழுச்சிகள் முன்கூட்டியே வெளிப்பட்டு, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர். 1811-இல் லூசியானாவில் எழுந்தவர்களை வீழ்த்தி, அவர்களுடைய தலைகளை மிசிசிப்பி ஆற்றங்கரையில் கம்பங்களில் நட்டுவைத்தனர். ஒவ்வொரு கொடிய சட்டத்துக்கும் பின்னால் ஓர் எதிர்ப்பு நிற்கிறது. எங்கே மனம் ஒப்பிய பணிவு இருக்கிறதோ அங்கே சாட்டைக்கு வேலை இல்லை. இரண்டரை நூற்றாண்டு அந்தச் சாட்டை ஓயவில்லை என்றால், இரண்டரை நூற்றாண்டும் அம்மக்கள் உடன்படவில்லை என்பதே பொருள். கொடுமையின் ஏடுகளே எதிர்ப்பின் ஏடுகளும் ஆகும்.

வாளெடுத்து எழுவது மட்டும் எதிர்ப்பன்று. 1834-இல் பதினாறு வயதளவினராகிய டக்ளஸை அடக்குவதற்கென்றே அவருடைய ஆண்டை எட்வர்ட் கோவி என்பவனிடம் ஓராண்டுக்கு அனுப்பினான். பணியாத அடிமைகளின் மனத்தை முறிப்பதில் பெயர்பெற்றவன் அவன். ஆறு மாதம் இடைவிடாது அடித்தான். டக்ளஸின் உள்ளமும் முறிந்தது. ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் அவர் திரும்பி நின்று அவன் கழுத்தைப் பற்றினார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருவரும் போராடினர். அதன்பின் கோவி அவர்மீது கை வைக்கவில்லை. அவரைக் காவலரிடம் ஒப்படைக்கவுமில்லை. அடக்குவோன் என்ற பெயர் கெட்டுவிடும் என்று அவன் அஞ்சியிருக்கவேண்டும் என்பது டக்ளஸின் ஊகம். 1838-இல் அவர் தப்பினார். 1845-இல் தம் வரலாற்றை எழுதினார். இளமையில் மேற்பார்வையாளன் ஒருவன் எறிந்த எடைக்கல் தலையில் பட்டு வாழ்நாள் முழுதும் அந்நோயால் வருந்திய ஹாரியட் டப்மன், 1849-இல் தப்பியதோடு நில்லாது, ஏறத்தாழ பதின்மூன்று முறை மேரிலாந்துக்குத் திரும்பிச் சென்று எழுபது பேரளவில் மீட்டுவந்தார். வேலையை மெதுவாக்குதல், கருவிகளை உடைத்தல், சில நாள் காட்டில் மறைதல், இரவில் கூடிப் பாடுதல், ஒளித்துப் படித்தல் ஆகிய சிறு எதிர்ப்புகளுக்கோ கணக்கே இல்லை.

தப்பியவர்களுக்கும் நெடுநாள் அமைதி இல்லை. 1850-ஆம் ஆண்டுச் சட்டம், தப்பிய அடிமைகளைச் சுதந்திர மாநிலங்களிலும் பிடித்துத் திருப்பி அனுப்ப வழிசெய்தது. வழக்கை விசாரிக்கும் ஆணையர், ஒருவனை அடிமை என்று அனுப்பினால் 10 டாலர் பெறுவார். சுதந்திரமானவன் என்று விடுவித்தால் 5 டாலரே பெறுவார். இவ்வநீதி வடக்கில் பலருடைய உறக்கத்தைக் கலைத்தது. உள்நாட்டுப் போர் மூண்டபோது அடிமைகள் ஆயிரக்கணக்கில் பண்ணைகளை விட்டு வடவர் படைமுகாம்களை நோக்கி நடந்தனர். 1863-இல் லூசியானாவில் அவ்வாறு முகாமை அடைந்த கார்டன் என்பவருடைய முதுகு நிழற்படமாக எடுக்கப்பட்டது. வேர்கள் புடைத்த நிலம்போல் தழும்பேறிய அம்முதுகைக் கண்டபின், அடிமைகள் மகிழ்ந்திருந்தனர் என்று கூறுவோரின் குரல் தாழ்ந்தது. ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் சேர்ந்து போரிட்டனர். எதிர்க்கவில்லையா என்ற வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ? 1865-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறி அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. அச்செய்தி நம் நாட்டிலும் எதிரொலித்தது. 1873-இல் மராட்டியத்தின் ஜோதிராவ் புலே, ‘குலாம்கிரி’ என்னும் தம் நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

போர் முடிந்தபின் விடுதலை பெற்றவர்கள் முதலில் என்ன செய்தனர் என்பதை அறிவது நலம். பழிவாங்கப் படை திரட்டவில்லை. நெடுந்தொலைவு நடந்து தம் சுற்றத்தைத் தேடினர். பள்ளிகளைத் தேடினர், பாட்டியும் பேரனும் ஒரே பலகையில் அமர்ந்து எழுத்தறிந்தனர். பிலடெல்பியாவில் வெளியான ‘கிறிஸ்டியன் ரெக்கார்டர்’ போன்ற கறுப்பின மக்களின் இதழ்களில் தேடல் விளம்பரங்கள் வெளிவரலாயின. தாயின் பெயர், உடன்பிறந்தாரின் பெயர், கடைசியாகக் கண்ட ஊர், விற்றவன் பெயர், வாங்கியவன் பெயர், விற்ற ஆண்டு என்று நினைவில் நின்ற அனைத்தையும் அவற்றில் எழுதினர். படிக்கத் தெரியாதவரும் அறியும்பொருட்டு, போதகர்கள் இதனைக் கோயிலில் உரக்கப் படிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டனர். அவ்விளம்பரங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்துகொண்டிருந்தன. தேடியவர்களுள் கண்டவர் சிலர், காணாதவர் பலர்.

குடும்பம் என்ற ஒன்றே அடிமைக்கு இல்லை என்றது சட்டம். பாசத்தை அறுத்துவிட்டோம் என்று நம்பினர் ஆண்டைகள். நாற்பது ஆண்டுக்கு முன் ஏலமேடையில் பிரிந்த தாயை நரைத்த தலையோடு தேடிய மகனின் விளம்பரம், அச்சட்டமும் அச்சாட்டையும் எங்கே தோற்றன என்பதைக் காட்டுகிறது. அவர்கள் ஏன் எதிர்க்கவில்லை என்று இனி ஒரு மாணவன் கேட்பானாயின், சட்டப் புத்தகத்தை ஒரு கையிலும் இவ்விளம்பரத்தை மறு கையிலும் கொடுத்து, இரண்டையும் படித்துவிட்டு வா என்று சொல்வதே ஆசிரியர் அளிக்கத்தக்க விடையாகும்.